பார்மசி படிக்க பிளஸ் ஒன்னில் எதை எடுப்பது? கேரள எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு பிள்ளை பார்மசி படிக்க ஆசைப்பட்டால், "எந்த குரூப்?" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிளஸ் ஒன்னை எல்லைக்கு எந்தப் பக்கம் படிக்கப் போகிறது? திருச்சியிலோ எர்ணாகுளத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. இங்கே பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் போனால் போதும், பாடப்புத்தகம், பரீட்சை, இடஒதுக்கீட்டுப் பட்டியல், கல்லூரிச் சேர்க்கை எல்லாமே மாறிவிடும்.

நான் மருந்துக் கடையில் நிற்கிறவன். மே, ஜூன் மாதங்களில் மருந்துச் சீட்டோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் கொண்டுவருகிறவர்கள் நிறைய. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை இங்கே கோவையாக எழுதிவிடுகிறேன். பாலக்காட்டு எல்லையை மனதில் வைத்தே எழுதுகிறேன். செங்கோட்டை, களியக்காவிளை, கம்பம், குமுளி பக்கத்தவர்களுக்கும் கேரளத்தைப் பற்றிச் சொல்வது பொருந்தும். ஆந்திர எல்லைக்காரர்களுக்கு நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான்

பிளஸ் டூ முடித்ததும் சேர பார்மசியில் மூன்று படிப்புகள். டி.ஃபார்ம் இரண்டு ஆண்டு. அதற்கப்புறம் 500 மணி நேரம் மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ பயிற்சி. பி.ஃபார்ம் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். ஃபார்ம்.டி ஆறு ஆண்டு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. டி.ஃபார்மும் ஃபார்ம்.டியும் பெயரில் மட்டும்தான் பக்கத்தில் இருக்கின்றன, விண்ணப்பம் போடும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றுக்கும் இந்திய பார்மசி கவுன்சில் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் இரண்டும் கட்டாயம். மூன்றாவதாகக் கணிதம் அல்லது உயிரியல். பி.ஃபார்முக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகளில் அது எப்படியும் இருக்கும். நீட் தேவையில்லை. "நீட் எழுதினால்தான் பார்மசி" என்று சொல்லிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம்.

ஆகவே காமர்ஸ் எடுத்தால் பார்மசி கிடையாது. தொழிற்பிரிவில் இயற்பியலும் வேதியியலும் இல்லாத குரூப் எடுத்தாலும் கிடையாது. "நர்சிங் குரூப் எடுத்தால் மருந்துக்கடைக்கு வசதிதானே?" என்று கேட்கிறார்கள். பாடப் பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். இயற்பியலும் வேதியியலும் தனிப் பாடங்களாக இல்லையென்றால் அந்த குரூப் வேண்டாம்.

நான்கு பாடமா, மூன்று பாடமா?

தமிழ்நாட்டுப் பக்கம் முதல் குரூப் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ப்யூர் சயின்ஸ் என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் கணிதம் உண்டு, உயிரியல் பெரும்பாலும் இருக்காது. கேரளத்தில் முதல் குரூப்புக்கு நிகரானதை பயோ மேத்ஸ் என்கிறார்கள். அங்கே சயின்ஸ் பேட்ச் என்றாலே பெரும்பாலான பள்ளிகளில் கணிதம் கூடவே வந்துவிடும். கணிதம் இல்லாத சயின்ஸ் பேட்ச் வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இது: பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் திணறாமல் முடித்த பிள்ளை நான்கு பாடத்தையும் எடுக்கட்டும். பார்மசி கிடைக்காவிட்டாலும் வேறு வழி இருக்கும், பார்மசி கிடைத்தால் முதல் செமஸ்டர் சிரமமில்லாமல் போகும். பி.ஃபார்ம் முதல் செமஸ்டரில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் அங்கே உயிரியல் தாள் எழுத வேண்டும், கணிதம் படிக்காதவர் கணிதத் தாள் எழுத வேண்டும். அந்தக் கணிதத் தாளில் மடக்கை, அணிகள், வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம் வரை வரும். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் லேசாக இருக்காது, ஆனாலும் ஒரு தாள்தான். அதைப் பார்த்து ப்யூர் சயின்ஸே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

கணக்கு என்றாலே பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, உயிரியலில் மட்டும் ஆர்வம் என்றால், தமிழ்நாட்டுப் பக்கத்து ப்யூர் சயின்ஸ் நல்ல தேர்வு. தமிழ்நாட்டில் பி.ஃபார்முக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அங்கே கணக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவதில் லாபமில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் இல்லாமல் போகும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. சட்டப்படி அவருக்கும் இடம் உண்டு. ஆனால் முதல் செமஸ்டரிலேயே மனித உடற்கூறு, உடலியங்கியல் தொடங்கிவிடும். இரண்டாவது செமஸ்டரில் உயிர்வேதியியலும் நோய்க்கூறியலும் வரும். சிறுநீரகத்தில் நெஃப்ரான் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது படித்த பிள்ளைக்கும் அந்தச் சொல்லையே முதல்முறை கேட்கிற பிள்ளைக்கும் அங்கே பெரிய வித்தியாசம்.

எந்தப் பக்கம்?

இதுதான் நம் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் விடுவது. பஸ் வசதியை வைத்தும் அண்ணன் படித்த பள்ளி என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம், டி.ஃபார்ம் அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. பி.ஃபார்ம் விண்ணப்பம் நர்சிங், பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகளோடு சேர்ந்தே வரும். கேரளத்தில் பி.ஃபார்முக்குக் கீம் நுழைவுத்தேர்வு. 2024 முதல் அது கணினியில் எழுதும் தேர்வு, பார்மசிக்குத் தனித்தாள். அந்தத் தாளில் இயற்பியலும் வேதியியலும் மட்டும்தான். உயிரியலில் ஒரு கேள்வி கூட இல்லை. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தப்பான விடைக்கு ஒன்று குறையும். பார்மசி ரேங்க் அந்தத் தேர்வை வைத்துத்தான், பிளஸ் டூ மதிப்பெண் அதில் சேராது. கேரளத்தில் டி.ஃபார்ம் சேர்க்கையை எல்.பி.எஸ். மையம் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது.

இதைக் கொண்டு பிள்ளையை எடைபோடுங்கள். நிதானமாகப் படித்து, விரிவாக எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்குத் தமிழ்நாட்டு முறை பொருந்தும். மனப்பாடம் வராது, ஆனால் கணக்கைச் சட்டென்று போட்டு ஐந்து விடையில் சரியானதைப் பிடித்துவிடும் என்றால் கீம் அவருக்குக் கைகொடுக்கும். கேரள மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். தமிழ்நாட்டில் படித்துக்கொண்டே கீம் எழுத நினைக்கும் பிள்ளை, பதினொன்றிலிருந்தே இயற்பியல், வேதியியல் இரண்டின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பூர்வீகம். கேரளத்தில் பிறந்த பிள்ளை பொள்ளாச்சியில் பிளஸ் டூ படித்தாலும் கீமில் கேரளத்தவராகவே விண்ணப்பிக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த இடம் கேரளம் என்று இருந்தால் அதுவே சான்றாகும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதால் இதில் ஒரு குறையும் வராது. ஆனால் அதே பிள்ளை தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் இடம் கேட்டால் "நேட்டிவிட்டி எங்கே?" என்பார்கள். தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை பாலக்காட்டில் பிளஸ் டூ படித்துவிட்டுத் திரும்பினாலும் தாசில்தார் கொடுக்கும் பூர்வீகச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பிப்பதைக் கவுன்சலிங் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே வாங்கி வைத்தால் நிம்மதி.

சாதிச் சான்றிதழில் இன்னொரு சிக்கல். ஒரே சமூகம் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு பிரிவிலும் கேரளப் பட்டியலில் வேறு பிரிவிலும் இருக்கலாம், அங்கே பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். ஒரு மாநிலத்துச் சான்றிதழைக் கொண்டு அடுத்த மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. எல்லைக்கு அப்பால் கல்யாணமாகி வந்த குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. வில்லேஜ் ஆபீசில் பிள்ளைக்கு எந்தப் பிரிவில் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னாலேயே கேட்டுவிட்டு, அப்புறம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

மொழியும் உண்டு. கேரளத்தில் பிளஸ் ஒன்னில் இரண்டாம் மொழியாகத் தமிழ் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலும் மூணாறு, தேவிகுளம் பக்கத்திலும் தமிழ் உள்ள பள்ளிகளைக் கேட்டு வைத்துக்கொண்டு ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தில் அவற்றை மேலே போடுங்கள். கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயாவில் விண்ணப்பிக்கும்போது ஆப்ஷன் வரிசையை அங்கே இருப்பவர் இஷ்டத்துக்கு விடாமல், வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பவை தானாக ரத்தாகிவிடும். எனவே ஊருக்குப் பக்கத்துப் பள்ளியின் கம்ப்யூட்டர் சயின்ஸை முதலிலும் கொஞ்சம் தூரத்துப் பள்ளியின் பயோ மேத்ஸை இரண்டாவதாகவும் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

ஆந்திர எல்லைக்கு

சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு. (பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் இருப்பதால் இங்கே எப்போதும் குழப்பம்தான்.) அங்கே பிளஸ் டூவுக்கு நிகரான இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்), பை.பி.சி. (உயிரியல், இயற்பியல், வேதியியல்) இரண்டில் எதை எடுத்தாலும் பி.ஃபார்முக்கும் ஃபார்ம்.டிக்கும் போகலாம். சேர்க்கை ஈ.ஏ.பி.செட் நுழைவுத்தேர்வு வழியாக. பை.பி.சி. பிள்ளைக்கு 160 கேள்விகள்: தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் 40. எம்.பி.சி. பிள்ளைக்குக் கணிதத்தில் மட்டும் 80. ஆக, கேரளத்தைப் போல இல்லாமல் இங்கே உயிரியல் பாதி மதிப்பெண்ணைத் தரும், உயிரியலில் கெட்டியான பிள்ளைக்கு பை.பி.சி. தோதானது. உள்ளூர் மாணவர் என்று கணக்கில் வர, அந்த வட்டாரத்தில் தகுதித் தேர்வுவரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒன்பதாம் வகுப்பில் திருத்தணிக்கோ வேலூருக்கோ மாற்றி, இன்டருக்குத் திரும்பக் கூட்டிவருகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலேயே பார்மசி இருக்கிறது.

வேதியியல்தான் உயிர்நாடி

எந்தப் பக்கம், எந்த குரூப் என்றாலும் பார்மசிக்குப் போகும் பிள்ளை விடக்கூடாத பாடம் வேதியியல். அதிலும் எல்லா அலகும் ஒரே எடை இல்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டால் உலோகவியல், திடநிலைமை போன்றவை பரீட்சைக்கு வேண்டும், பின்னால் அவ்வளவு கூப்பிடாது. ஆனால் வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, புறப்பரப்பு வேதியியல், அதற்கப்புறம் வரும் கரிம வேதியியல் அலகுகள் அனைத்தும் நான்கு ஆண்டும் கூடவே வரும்.

ஏன் என்று சொல்கிறேன். வேகவியலில் அரைவாழ்வுக் காலம் என்று ஒரு கணக்கு போடுவீர்கள். பாரசிட்டமால் உடம்பில் பாதியாகக் குறைய பெரியவர்களுக்குச் சுமார் 2 முதல் 3 மணி நேரம் ஆகும். அதனால்தான் அதை ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை எழுதுகிறார்கள். அட்டையில் அச்சிடும் காலாவதித் தேதியும் இதே அலகிலிருந்து வருவதுதான். முதல் வகை வினையில் மருந்தின் வீரியம் பத்தில் ஒரு பங்கு குறைய ஆகும் காலத்தைக் கணக்கிடுவார்கள். அயனிச் சமநிலையில் வரும் தாங்கல் கரைசல் கண் சொட்டு மருந்தில் இருக்கிறது. புறப்பரப்பு வேதியியலில் வரும் பால்மமும் கூழ்மமும்தான் கிரீம், லோஷன் எல்லாம். ஃபீனால் பற்றிப் படிக்கும்போது வரும் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஒரு பக்கம் ஆஸ்பிரின், இன்னொரு பக்கம் வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட். ஈரத்தில் கிடந்த ஆஸ்பிரின் மாத்திரையை முகர்ந்தால் வினிகர் வாசனை வருவது, அது நீரால் பகுக்கப்பட்டு அசிட்டிக் அமிலம் வெளியே வருவதால்தான்.

பிள்ளைக்கு இதில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்குங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம் என்று பின்பக்கம் இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் முதல் அலகிலேயே மோல் கணக்கு வரும். அதைக் கொண்டு சோடியம் எத்தனை மில்லிமோல், குளுக்கோஸ் எத்தனை மில்லிமோல் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உப்பிலிருந்து சுமார் 45, சிட்ரேட்டில் மூன்று சோடியம் என்பதால் அதிலிருந்து சுமார் 30, மொத்தம் 75. குளுக்கோசும் 13.5ஐ 180ஆல் வகுத்தால் 75. இரண்டும் ஏன் சமமாக வருகிறது என்று பிள்ளை கேட்டுவிட்டால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது என்று உயிரியல் ஆசிரியர் சொல்வார். கணக்குப் போட்டு முடித்ததும் கொட்டாவி விட்டால் வேறு படிப்பையும் யோசித்து வையுங்கள்.

ஆய்வகத்தை வெறும் உள்மதிப்பீட்டுக்காக முடிக்க வேண்டாம். பி.ஃபார்ம் முதல் செமஸ்டரில் மருந்துப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம், அதில் பெரும்பகுதி தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்). பியூரெட்டைப் படிக்கவும் ஒரு சொட்டில் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தவும் பிளஸ் டூவிலேயே கை பழகியிருந்தால் நல்லது. தரம்பார்த்தலை வாத்தியார் மேசையில் ஒருவர் செய்ய மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் பள்ளிகள் இரண்டு பக்கமும் உண்டு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மற்ற பாடங்கள்

உயிரியலில் தாவரப் பகுதியை மருந்துக்குச் சம்பந்தமில்லை என்று பிள்ளைகள் ஒதுக்குவார்கள். பார்மகாக்னசி என்று தாவர மருந்துகளுக்கே தனிப் பாடம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. மலேரியாவுக்கான குயினின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து. அந்த மரத்தை ஆனைமலையிலேயே வளர்த்தார்கள், வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஓர் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

கணிதத்தில் மருந்துக் கடைக்கு அன்றாடம் வேண்டியது விகிதமும் சதவீதமும்தான். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் என்று டாக்டர் எழுதினால் 150 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 6 மி.லி.; அதே சிரப் 250 மி.கி. வகை என்றால் 3 மி.லி. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இயற்பியல் பின்னால் அவ்வளவு கூப்பிடாது, ஆனால் சேர்க்கைக்கு அதன் மதிப்பெண்ணும் வேண்டும், கீம் எழுதுகிறவர்கள் அதை விடவே முடியாது.

ஆங்கிலம் பற்றிக் கொஞ்சம். பார்மசி முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் அங்கே முதல் செமஸ்டரில் திணறுவது பாடத்தால் அல்ல, சொற்களால். பதினொன்றிலிருந்தே வேதியியல் நோட்டின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வந்தால் இது பெரிய விஷயமாக இருக்காது. மலையாளம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, படிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். பாலக்காட்டுப் பக்கம் கவுண்டரில் நிற்கப் போகிறவருக்கு அது வேண்டும்.

சேர்வதற்கு முன்

கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கும் அந்தப் படிப்புக்கும் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். பி.ஃபார்முக்கு அங்கீகாரம் இருந்தால் ஃபார்ம்.டிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளிலும், கேரளத்தில் திருவனந்தபுரம், கோட்டயம், கோழிக்கோடு, ஆலப்புழை மருத்துவக் கல்லூரிகளிலும் பி.ஃபார்ம் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். நம் பக்கத்தில் பெரும்பாலோர் கடைசியில் கோவைக்கோ ஊட்டிக்கோ தனியார் கல்லூரிக்குத்தான் போகிறார்கள். அங்கே நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படித்து முடித்தால் வேலை பார்க்கப் போகும் மாநிலத்தின் பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி பதிவேடு மாநிலத்துக்கு மாநிலம் தனி. கோவையில் படித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறையில் கடை வைக்கிறவருக்குக் கேரளப் பதிவு வேண்டும்.

சொந்தக் கடைதான் எண்ணம், பணமும் கையில் குறைவு என்றால் டி.ஃபார்மே போதும், சில்லறைக் கடைக்கு அந்தப் பதிவு செல்லும். டி.ஃபார்முக்குக் கடைசியில் தகுதித் தேர்வு ஒன்றைக் கொண்டுவரும் விதிகள் 2022இல் வந்தன. சேரும் ஆண்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று கல்லூரியில் கேளுங்கள். பிறகு மேலே படிக்க ஆசை வந்தால் டி.ஃபார்ம் முடித்தவர் பி.ஃபார்மில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூவில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்து, இந்த வழியில் சுற்றி வந்து பி.ஃபார்ம் முடித்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் வேதியியலே எடுக்காமல் விட்டவருக்கு இந்த வழியும் இல்லை. இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூவை முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.